கைபேசியில் பேசும் கண்டி

திகன கடைவீதியில் ஓர் ஆள் நடந்து போகிறார். கையில் தொலைபேசி. கமெரா ஒருமுறை அவர் முகத்துக்கும் ஒருமுறை கடைப் பெயர்ப்பலகைகளுக்கும் திரும்புகிறது. இந்த ஊரில் சிங்களவருக்குச் சொந்தமான கடை இருபதுகூடத் தேறாது, ஊரே முஸ்லிம்களுடையதாகிவிட்டது, இதை நாம் எப்போதோ கவனித்திருக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போகிறார். மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, எந்தத் தொலைக்காட்சியின் இலச்சினையும் கிடையாது. 2018 மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டம் முழுக்கக் கைமாறிய இந்தக் காணொளியில் பேசியவர் அமித் வீரசிங்க. மஹசோன் பலகாய என்ற அமைப்பின் தலைவர்.

அதற்குச் சில நாட்கள் முன்பு, பெப்ரவரி 22ஆம் திகதி, தெல்தெனியவில் வாகனத் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர்கள் நால்வர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கியிருந்தார்கள். கண்டி வைத்தியசாலையில் இருந்த அவர் மார்ச் 3ஆம் திகதி இறந்தார். தாக்கியவர்கள் ஏற்கெனவே பிடிபட்டிருந்தார்கள். சாதாரண நாளாக இருந்தால் வழக்கு தெல்தெனிய நீதவான் நீதிமன்றத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரம் நாடு வேறொரு காணொளியைப் பார்த்து முடித்திருந்தது. அம்பாறையில் ஒரு முஸ்லிம் ஹோட்டல். சாப்பாட்டில் கட்டியாக ஏதோ கிடந்தது. கருத்தடை மாத்திரை போட்டாயா என்று கூட்டம் சூழ்ந்து மிரட்டியது. சிங்களம் சரியாகப் புரியாத ஹோட்டல்காரர் பயத்தில் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் ஒப்புதல் வாக்குமூலமாக ஊர் ஊராகப் போனது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். காணொளி போன இடமெல்லாம் அந்த அறிக்கை போகவில்லை.

மார்ச் 5ஆம் திகதி திகனவிலும் தெல்தெனியவிலும் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. திகனவில் எரிந்த வீடொன்றுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞனின் உடல் கிடைத்தது. 6ஆம் திகதி அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. 2011இல் அது நீங்கிய பிறகு நாடு முழுவதற்கும் மீண்டும் வந்தது அப்போதுதான். 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் முடக்கப்பட்டன. 8ஆம் திகதி வீரசிங்க கைதானார். திகதிகளை வரிசையாகப் பார்த்தாலே போதும்: தீ வைத்தவர்கள் இறங்கி மூன்றாம் நாள்தான் தடை வந்தது.

தடை வந்தும் என்ன? கண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒரே நாளில் வி.பி.என். என்றால் என்னவென்று கற்றுக்கொண்டார்கள். அவதிப்பட்டது, வெளிநாட்டிலிருக்கும் மகனோடு வட்ஸ்அப்பில் மட்டும் பேசத் தெரிந்த தாய்மார்தான். மார்ச் 15ஆம் திகதி, பேஸ்புக் நிறுவனத்தோடு ஜனாதிபதியின் செயலாளர் பேசிய பிறகு, தடை நீங்கியது.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நீண்ட மௌனக் கதை உண்டு. கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் ஆய்வாளர்கள் சிங்களத்தில் பரவும் வெறுப்புப் பதிவுகளைப் பற்றி 2014இலேயே அறிக்கை எழுதியிருந்தார்கள். 2018இல் முஸ்லிம்களைக் கொல்லச் சொல்லும் பதிவொன்று குறித்துப் பேஸ்புக்கிடம் முறைப்பாடு செய்தபோது, அது எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு அந்தப் பதிலை எழுதியிருக்க முடியாது. 2020 மே மாதத்தில், தானே நியமித்த வெளி மதிப்பீட்டாளர்களின் அறிக்கை வந்த பிறகு, பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. வன்முறைக்குத் தன் தளமும் துணைபோயிருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. சிங்களமும் தமிழும் தெரிந்தவர்களைக் கண்காணிப்புக்கு அமர்த்தியிருப்பதாகவும் சொன்னது. மன்னிப்பு வந்தபோது திகனவில் எரிந்த கடைகளில் பல திரும்பத் திறந்திருந்தன. சில திறக்கவே இல்லை.

இதற்கெல்லாம் தொலைபேசிதான் காரணம் என்று சொல்பவர்களுக்குக் கண்டியின் வரலாறே பதில் சொல்லும். 1915 மே 28ஆம் திகதி இரவு, வெசாக் ஊர்வலம் காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது தொடங்கிய தகராறு, ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு சில நாட்களில் கொழும்பை அடைந்தது. ஜூன் 2ஆம் திகதி பிரிட்டிஷ் ஆட்சி இராணுவச் சட்டம் போட்டது. அன்று வதந்தி ரயிலில் போனது. இன்று பொக்கெட்டில் போகிறது. வேகம் மாறியிருக்கிறது. வெறுப்பை முதலீடாக்கும் ஆளும், அதைக் கண்டும் காணாமல் இருக்கும் பொலிஸும் மாறவில்லை. 2018இல் திகனவில் பொலிஸார் நின்றுகொண்டிருக்கும்போதே கல்லெறி நடந்ததைக் காட்டும் படங்கள் கிடைத்ததும் ஊர்க்காரர்களின் தொலைபேசிகளிலிருந்தும் கடைகளின் சி.சி.டி.வி.யிலிருந்தும்தான். தீயை மூட்டப் பயன்பட்ட அதே கருவிதான் சாட்சியும் சொன்னது. கண்டியைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

*

திகனவிலிருந்து நகருக்கு வந்து, மகாவலியைத் தாண்டி வடக்கே போனால் கட்டுகஸ்தோட்டை. அங்கே வசித்த ஓய்வுபெற்ற அரச அலுவலர் ரம்ஸி ராசிக். பேஸ்புக்கில் சிங்களத்திலேயே எழுதுவார். சிங்கள வாசகர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசுவது, இனவாதத்தை விமர்சிப்பது, தன் சமூகத்தின் பிழைகளையும் சொல்வது என்று வழக்கமாக எழுதிவந்தவர்.

2020 மார்ச் இறுதியில் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பத்தின் விருப்பத்தையும் மீறி எரிக்கத் தொடங்கியது அரசு. நோயைப் பரப்புவதே முஸ்லிம்கள்தான் என்ற பேச்சு சமூக வலைத்தளங்களில் கொடிகட்டிப் பறந்தது. ஏப்ரல் 2ஆம் திகதி ராசிக் ஒரு பதிவு எழுதினார். இந்த வெறுப்புக்கு எதிராகப் பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாகக் கொண்டு கருத்துப் போர் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். அதில் 'ஜிஹாத்' என்ற சொல் இருந்தது. அவ்வளவுதான். கொலை மிரட்டல்கள் வந்தன. மிரட்டல்கள் குறித்து அவர் பொலிஸில் முறையிட்டார். ஏப்ரல் 9ஆம் திகதி, ஊரடங்கு நேரத்தில், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் வீட்டுக்கு வந்தார்கள். மிரட்டியவர்களைத் தேடி வரவில்லை; மிரட்டப்பட்டவரைக் கைதுசெய்து கொழும்புக்குக் கொண்டுபோனார்கள்.

ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று நீதிமன்ற வளாகங்களில் சொல்லப்படும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் அவர்மீது பாய்ந்தது. மனித உரிமைச் சமவாயத்தை உள்நாட்டில் நடைமுறைப்படுத்த வந்த சட்டம் அது. இன, மத வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்கும் அதன் 3ஆம் பிரிவின் கீழ் கைதானவருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். செப்டெம்பர் 17ஆம் திகதிதான் ராசிக்குக்குப் பிணை கிடைத்தது. ஐந்து மாதங்களுக்கு மேல் சிறை. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, பத்து இலட்சம் ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அமித் வீரசிங்கவும் 2018 அக்டோபர் இறுதிவரை விளக்கமறியலில்தான் இருந்தார். சட்டம் அவரை விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே மாவட்டத்தில், இரண்டே வருட இடைவெளியில், வெறுப்பைப் பேசியவருக்கும் வெறுப்புக்கு எதிராக எழுதியவருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சிறைவாசம் கிடைத்திருக்கிறது. வெறுப்புப் பேச்சுக்குச் சட்டம் போதாது, இன்னும் கடுமையாக வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் இந்த இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம்.

தலதா மாளிகையைப் பற்றிப் பேசாமல் கண்டியின் கதை முடியாது. யூடியூபில் அரசியலும் மதமும் விமர்சித்துப் பேசிவந்த சேபால் அமரசிங்க, அங்குள்ள புத்தரின் புனித தந்ததாதுவைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளுக்காக 2023 ஜனவரியில் கைதானார். மகாநாயக்க தேரர்கள் நடவடிக்கை கேட்டிருந்தார்கள். பெப்ரவரியில் நீதிமன்றத்தில் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்ட பிறகே வெளியே வந்தார். அவர் சொன்னது பலரைப் புண்படுத்தியது உண்மை. ஆனால் ஒருவரைப் புண்படுத்துவதும் ஒருவர் வீட்டுக்குத் தீ வைக்கத் தூண்டுவதும் ஒரே குற்றமாக நடத்தப்பட்டால், இரண்டாவது குற்றத்தின் பாரம் குறைந்துபோகிறது. அதே ஆண்டு மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரியவும், அவருடைய நிகழ்ச்சியை வெளியிட்ட 'எஸ்.எல். வ்லொக்' அலைவரிசையின் புரூனோ திவாகரவும் அதே ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில் கைதானார்கள். ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுக்கும்போது, இந்தச் சட்டத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று பொலிஸாருக்குப் பாடமே எடுத்தது.

2025 ஏப்ரலில் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு தந்ததாது பொதுமக்கள் தரிசனத்துக்கு வைக்கப்பட்டபோது தொலைபேசிகளை உள்ளே கொண்டுபோகத் தடை. நாட்கணக்கில் வரிசையில் நின்று, சோதனைகளைக் கடந்து, வெறுங்கையோடுதான் எல்லோரும் போனார்கள். அப்படியிருந்தும் தாதுவின் படம் என்று ஒன்று பேஸ்புக்கில் சுற்றியது, சி.ஐ.டி. விசாரணையும் வந்தது. கமெராவை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை இந்த ஊரில் இனி யாருக்கும் வேண்டாம்.

*

சரி, ஏன் இவ்வளவு பேர் யூடியூபுக்குப் போனார்கள்? தொலைக்காட்சியில் தங்கள் ஊர் வராததால்தான்.

இலங்கையின் தனியார் தொலைக்காட்சிகளில் எந்த அலைவரிசை எந்தக் கட்சிக்குச் சாயும் என்பது தேநீர்க்கடையில் கேட்டாலே தெரியும். அரசத் தொலைக்காட்சி, எந்த அரசு வந்தாலும் அந்த அரசின் தொலைக்காட்சி. இதில் கண்டித் தமிழரின் நிலை இன்னும் மோசம். தமிழ்ச் செய்தி என்றால் முதலில் வடக்கு, பிறகு கிழக்கு, நேரம் மிச்சமிருந்தால் மலையகம். அந்த மலையகமும் பெரும்பாலும் நுவரெலியாதான். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்து லயன் வீடுகளில் தண்ணீர் வராததும், அக்குறணை பஸார் வருடா வருடம் வெள்ளத்தில் மூழ்குவதும் ஒரு நிமிடச் செய்தியாக வந்தால் பெரிய விஷயம். எழுதத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்பதில்லை. கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1960களில் கண்டி இளைஞர்கள் 'மலைமுரசு' நடத்தினார்கள். சொந்தக் காசு தீரும்வரை பத்திரிகை நடத்துவது இந்த ஊரில் பரம்பரைப் பழக்கம். இப்போது அச்சகச் செலவு மட்டும் இல்லை.

2018 அக்டோபர் 24ஆம் திகதி தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் திரண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் யாரும் பஸ் அனுப்பவில்லை. அழைப்பு போனது பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும். மார்ச்சில் திகனவை எரித்த அதே தளங்கள், அதே ஆண்டு. அந்த 1,000 ரூபா கைக்கு வர 2021 ஆனது என்பது வேறு கதை.

மக்கள் வீதிக்கு இறங்கிய அரகலயப் போராட்டக் காலத்தில் இந்தத் தளங்களின் பலம் இன்னும் வெளிச்சமானது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் ஊரடங்கு. அன்று விடிவதற்குள் பேஸ்புக், யூடியூப், ட்விட்டர், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசு முடக்கியது. ஜனாதிபதியின் சொந்த அண்ணன் மகனான அமைச்சர் நாமல் ராஜபக்ஷவே இந்தத் தடையை ஏற்க முடியாது என்று எழுதினார், தடைசெய்யப்பட்ட ட்விட்டரிலேயே. அன்றுதான் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊரடங்கை மீறி வெளியே வந்தார்கள். கலஹா சந்தியில் பொலிஸ் தடுப்பு. நீர்த்தாரை, பிறகு கண்ணீர்ப்புகை. புகைக்குள்ளிருந்து சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி மாணவர்கள் எடுத்த துண்டுக் காணொளிகள் தடையைத் தாண்டிக் கசிந்தன. படம் ஆடும், குரல் இரையும், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று சில நொடிகளுக்குப் புரியாது. இரவுச் செய்தியின் எந்தத் தொகுப்பைவிடவும் அதை மக்கள் நம்பினார்கள். தடை ஒரு முழு நாள்கூட நிற்கவில்லை.

*

ஆனால் எல்லா நாளும் கலஹா சந்தி நாள் கிடையாது. மிச்ச நாட்களில் அலைவரிசை நடத்துபவர் என்ன செய்வார்?

யூடியூபில் விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணிநேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது மூன்று மாதத்தில் குறுங்காணொளிகள் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும், பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே பணம். கண்டியில் ஆயிரம் பேர் பார்ப்பதும் டொரொன்டோவில் ஆயிரம் பேர் பார்ப்பதும் ஒன்றல்ல. எனவே தமிழில் அரசியல் பேசும் இலங்கை அலைவரிசைகள் மெல்ல மெல்லப் புலம்பெயர்ந்தவர்களின் காதுக்கு ஏற்பப் பேசத் தொடங்குகின்றன. புசல்லாவைத் தோட்டத்துக் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் அந்தத் தோட்டத்துக்காரர்கள் பார்ப்பார்கள். ஜனாதிபதிக்கும் இந்தியாவுக்கும் இரகசிய ஒப்பந்தம் என்று பேசினால் இலண்டனும் பாரிஸும் பார்க்கும்.

தம்நெயில் எனப்படும் முகப்புப் படங்களைப் பார்த்தால் இது புரியும். மஞ்சள் எழுத்து, சிவப்பு அம்புக்குறி, வாயைப் பிளந்த ஓர் அரசியல்வாதியின் முகம், 'அதிர்ச்சி', 'அம்பலம்', 'சற்றுமுன்'. உள்ளே போனால் காலைப் பத்திரிகையில் வந்த செய்தியை ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, இடையிடையே புருவத்தை உயர்த்தி வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு நிருபர் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்து எடுத்த தகவல் அவருக்கு இலவசம். சுயாதீன ஊடகம் என்ற பெயருக்குள் செய்தி சேகரிப்பவரும் செய்திக்கு முகபாவம் காட்டுபவரும் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டிலிருந்து வரும் இத்தகைய வருமானத்துக்கு 15 வீதம்வரை வரி கட்ட வேண்டும். வரி அதிகாரிக்கும் இரண்டு பேரும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டு அலைவரிசைகளின் பாணி இங்கே அப்படியே தொற்றியிருக்கிறது. அங்கே நடப்பதும் பாடமாக இருக்கிறது. யூடியூபர் சவுக்கு சங்கர் பெண் பொலிஸாரைப் பற்றிப் பேசியது அருவருப்பானது என்பதில் பலருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 2024 மே மாதம் கைதான அவர்மீது குண்டர் சட்டம் போடப்பட்டது. ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்த சில நாட்களிலேயே மீண்டும் போடப்பட்டது. ஆட்சிக்குப் பிடிக்காத வாயை மூட, கையில் கிடைக்கும் மிகப் பெரிய சட்டத்தை எடுப்பது பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் பொதுவான பழக்கம்.

இலங்கையில் அந்தப் பெரிய சட்டத்தின் பெயர் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2024 ஜனவரி 24ஆம் திகதி 108 பேர் ஆதரவாகவும் 62 பேர் எதிராகவும் வாக்களிக்கப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2010இல் கேலிச்சித்திரக் கலைஞரும் இணைய ஊடகவியலாளருமான பிரகீத் எக்னெலிகொட காணாமலாக்கப்பட்டதும் அதே ஜனவரி 24ஆம் திகதிதான்; திகதியைத் தெரிவுசெய்தவர்களுக்கு அது நினைவில் இருந்ததோ என்னவோ. எது பொய், எது உண்மை என்று தீர்மானித்து, 24 மணிநேரத்துக்குள் நீக்கச் சொல்லும் அதிகாரம் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவுக்கு. உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற சர்ச்சைக்கு இடையிலேயே சபாநாயகர் கையெழுத்திட்டார். சட்டத்துக்கு நியாயமாகச் சொல்லப்பட்ட உதாரணங்களில் திகனவும் ஒன்று. ஆனால் 2018இல் குறைவாக இருந்தது சட்டமா? வீரசிங்கவைக் கைதுசெய்யப் போதுமான சட்டம் அன்றும் இருந்தது. சிங்களப் பதிவுகளைச் சிங்களம் தெரிந்தவர் உரிய நேரத்தில் வாசிக்கவில்லை. ஊருக்குள் நின்ற பொலிஸ் உரிய நேரத்தில் கையை உயர்த்தவில்லை. இந்த இரண்டு ஓட்டைகளையும் ஐவர் குழு எதுவும் அடைக்காது.

தேசிய மக்கள் சக்தி எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தது. பெரிய தொலைக்காட்சிகள் தங்களைக் கண்டுகொள்ளாத காலத்தில் பேஸ்புக் நேரலையும் டிக்டொக்கும்தான் அந்தக் கட்சியின் மேடை. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 225இல் 159 ஆசனம். கண்டி மாவட்டத்தின் 12இல் 9. சட்டத்தைத் திருத்துவோம் என்றார்கள். ஆட்சிக்கு வந்தபின் விமர்சனக் காணொளிகளின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று இப்போது அவர்களே பார்க்கிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. உயிரிழப்பில் கண்டி மாவட்டம் முன்னணியில் நின்றது. அலவத்துகொடை, சரசவிகம என்று ஊர்ப் பெயர்கள் மரணச் செய்திகளாகின. வீதிகள் துண்டிக்கப்பட்டதால் கொழும்பு ஊடகங்கள் வரப் பல நாள் ஆனது. எந்த மலைச்சரிவில் யார் மாட்டியிருக்கிறார்கள் என்று முதலில் காட்டியவை உள்ளூர்க்காரர்களின் தொலைபேசிகள். அரசின் எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாக வந்தன, சில வரவேயில்லை என்ற குற்றச்சாட்டு அந்த வாரம் முழுக்க ஒலித்தது. செயற்கை நுண்ணறிவில் செய்த போலி வெள்ளக் காட்சிகளும் கூடவே சுற்றின. டிசம்பர் தொடக்கத்தில் பொதுமக்கள் பாதுகாப்புப் பிரதியமைச்சர், ஜனாதிபதியையும் அமைச்சர்களையும் சமூக வலைத்தளங்களில் இழிவுபடுத்துவோர்மீது அவசரகாலச் சட்டத்தைப் பயன்படுத்துமாறு பொலிஸாரிடம் சொன்னார். போலிக் காட்சி செய்தவர்களைத் தேடச் சொல்லியிருந்தால் கண்டியில் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

மண்சரிவு இடங்களில் பொலிஸ் கட்டிய கயிற்றுக்கு அப்பால் போக அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டை உதவும். அது பெரும்பாலும் நிறுவனங்களில் வேலை செய்பவர்களிடம்தான் இருக்கிறது. தன் ஊர் புதைந்த இடத்தைத் தொலைபேசியில் காட்டிக்கொண்டிருந்த இளைஞனிடம் அது இல்லை. ஊடக அடையாளத்தை யாருக்குக் கொடுப்பது, எந்தத் தகுதியில் கொடுப்பது என்ற கேள்வியை நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் திருத்தத்தோடு சேர்த்து எடுக்க யாரும் இதுவரை முன்வந்ததாகத் தெரியவில்லை.